வெறுங்கை ஓட்டம்

லைன் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எதைப் பற்றி என்று விசாரித்தேன். எதிர்காலத்தைப் பற்றி, கனவைப் பற்றி, நாற்பது வயதிலும் மனிதர்கள் கனவு காண வேண்டியதைப் பற்றி என்றார்கள். அதற்கு ஆள் நானில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரி வேறொருத்தி இருந்தாள், பெயர் தமிழரசி. அவளைப் பார்த்து நான் பட்ட பொறாமையைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது தீர்ந்தபாடில்லை.

ஒரகடத்தில் நம் கம்பெனி தொடங்கிய சமயம், இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில், நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கும் இதே தொழில்தான். இருவரும் ஏற்கெனவே வேறு இடங்களில் குப்பை கொட்டியவர்கள் என்பதால் லைன் லீடர்களாக எடுத்தார்கள். இருவருக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வடக்குப்பட்டுக்காரி. அவள் சங்கரன்கோவில் பக்கம். அவள் புருஷன் கம்பெனி பஸ் ஓட்டினார், ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

அப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்கள் கையில் உடனே வயரைக் கொடுத்துவிட மாட்டார்கள். வயரைப் பரப்பிக் கட்டுவதற்காகச் சாய்த்து நிறுத்திய போர்டின் முன்னால் நிற்க வேண்டும். கையில் வயர் இருப்பதாக நினைத்துக்கொண்டு எடுத்து, வளைத்து, கனெக்டரில் செருகி, டேப் சுற்ற வேண்டும். இதற்கு வெறுங்கை ஓட்டம் என்று பெயர். லீடர்களும் தப்ப முடியாது. நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காற்றில் கையை ஆட்டிவிட்டு வந்தோம். தமிழரசி மட்டும் டேப் தீர்ந்துவிட்டதாக நினைத்து, நடுவில் மிஞ்சும் அட்டை வளையத்தைப் பக்கத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். டேப்பும் கிடையாது, கூடையும் கிடையாது. பயிற்சி கொடுத்தவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி ரசித்தார். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

பயிற்சி முடிந்த பிறகும் அவள் அந்த ஓட்டத்தை விடவில்லை. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நடப்பாள். நடுவில் நின்று எதையோ தள்ளுவாள், திரும்புவாள், எட்டி எடுப்பாள். ஒருநாள் கைகழுவும் இடத்தில் இருந்து குரல் கொடுத்தேன்.

"ஏய் தமிழு, இன்னா பண்ணினுகீற அங்க?"

"கதவைத் திறக்கேன்க்கா."

"எங்க கீது கதவு?"

"வரும்லா."

கேன்டீனே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடக் கம்பெனிப் பெண்கள் சேர்ந்து போனோம். தமிழரசியின் புருஷனும் வந்திருந்தார். திரும்பும் வழியில் கல் நட்டுப் போட்டிருந்த ஒரு மனைக்கு எதிரில் இவர்கள் நின்றார்கள். அந்த மனை இவர்கள் பெயரில்கூட இல்லை. தமிழரசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே அவரும் போனார், தலையைக் குனிந்துகொண்டு.

"என்னண்ணே, ஏன் குனியிறீங்க?" என்றேன்.

"நிலையைத் தாழ்வா வச்சிருக்கா. நிமிந்து போனா மண்டையில இடிக்கும்" என்றார். மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லை. புருஷனையும் அல்லவா பைத்தியமாக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். "இந்த வயசுல நமக்கு இன்னாத்துக்குடி கனவெல்லாம்? அதான் புள்ளைங்க கீறாங்களே, அதுங்க காணட்டும்."

"பிள்ளையளுக்கு அதுக கனவு இருக்குக்கா. எங் கனவுல அதுகளுக்கு என்ன சோலி?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் மாலை போட்டுக்கிட்ட மாதிரியெல்லாம் காணுறதில்ல. தரை கூட்டுதேன். பால் காய்ச்சுதேன். கொழாயில தண்ணி வரலன்னு அவுககிட்ட சண்டை போடுதேன். செய்யப் போற வேலையை ஒரு தடவை செஞ்சு பாக்கேன், அவ்வளவுதான்."

இதுதான் அவளுடைய முழு வித்தையும். கிடைத்துவிட்டதாக நினைத்து இனிப்பு சாப்பிடுவது வேறு, கிடைப்பதற்கு முன்பே அதன் வேலையைப் பார்க்கத் தொடங்குவது வேறு. இரண்டாவதைச் செய்கிறவர்களுக்கு எங்கே முட்டும், எங்கே குனிய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இன்று இதை நான் உங்களுக்கு நல்ல புத்தியாகச் சொல்கிறேன். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச காலம் கழித்து அதே மனையில் அவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அந்த எரிச்சல் வயிற்றெரிச்சலாக மாறியது. வாசல் நிலை தாழ்வாகத்தான் இருந்தது. நான் குனிந்துதான் உள்ளே போனேன்.

அடுத்தபடியாகப் பொட்டலில் புது ஷெட் எழும்பத் தொடங்கியது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கார் கம்பெனியின் புது வண்டிக்கு அங்கேதான் வயரிங் கட்டப்போகிறார்கள். லைன் லீடர்களில் ஒருவரை ஷெட் இன்சார்ஜ் ஆக்குவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்த வேலை எனக்கு வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் இன்று கம்பெனிகளாக நிற்கின்றன. அத்தனை ஷெட்டுகளில் ஒரு ஷெட்டாவது என் சொல்லுக்கு ஓட வேண்டும் என்பது என் ஆசை. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் பிளான்ட் மேனேஜர் அதிகம் பேசாதவர். தூணும் கூரையும் மட்டும் நின்ற புது ஷெட்டுக்குள் எங்கள் இருவரையும் கூட்டிப்போய், "இதை எப்படி நடத்துவீங்க, சொல்லுங்க" என்றார். எத்தனை ஆள், எத்தனை போர்டு, ஷிஃப்டுக்கு எவ்வளவு உற்பத்தி என்று நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாம் சரியான கணக்கு. தமிழரசி வாசலுக்குப் போய்த் திரும்ப உள்ளே வந்தாள். சாப்பாட்டுப் பையை மாட்ட ஆணி தேடினாள். போர்டு வரப்போகும் இடத்தில் நின்று வேலை செய்தாள். முடிந்த வயர்க்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு செக்கிங் டேபிள் பக்கம் நடந்தவள், பாதியில் நின்றுவிட்டாள்.

"சார், இந்தத் தூணு குறுக்க நிக்கி. தோள்ல கட்டோட வாரவ இதுல ஒரசாம போக முடியாது. கிளிப் ஒடைஞ்சுரும்."

மேனேஜர் அந்தத் தூணைப் பற்றித்தான் ஒரு மாதமாகக் கட்டடக்காரர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். வேறு யார் கண்ணிலாவது படுகிறதா என்று பார்க்கத்தான் எங்களைக் கூட்டி வந்திருக்கிறார். அந்த வாரமே தமிழரசி ஷெட் இன்சார்ஜ் ஆனாள்.

நான் சிரித்த முகத்தோடு போய் வாழ்த்துச் சொன்னேன். அன்று மதியம் சாப்பாட்டை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்து வந்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய் முருகனிடம் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் பெரிய மனிதர், காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் தொற்றியது. கம்பெனி பஸ் ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், தமிழரசியின் ஷெட் ஓடத் தொடங்கிவிடும். அதை நான் சும்மா ஓட விடுவேனா? கெடுத்துப் பார்ப்பேன். பொங்கலுக்குத் தெற்கத்திப் பெண்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வேன். ஷெட்டில் பாதி ஆள் இல்லை. தமிழரசி என்ன செய்வாள்? இருக்கிறவர்களை எல்லாப் போர்டுக்கும் பிரித்துப் போடுவாள். ஒவ்வொரு போர்டிலும் வேலை அரைகுறையாக நிற்கும். பக்கத்து லைனில் இருந்து பழக்கமில்லாத பெண்களைக் கூப்பிடுவாள். அவர்கள் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கனெக்டரையும் மாற்றிச் செருகுவார்கள். செக்கிங்கில் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். தமிழரசி நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த இடம் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும்.

ஒருநாள் கரன்ட் போகும். ஒருநாள் டேப் வராது. ஒருநாள் செக்கிங்கில் இருப்பவளுக்குக் காய்ச்சல் வரும். எந்த ஓட்டை வழியாக அந்த ஷெட் கவிழும் என்பது எனக்கு மனப்பாடம். எத்தனையாவது போர்டில் யார் நிற்கிறாள், அவளுக்கு எது வராது என்பது வரைக்கும் கேன்டீன் பேச்சில் இருந்தே பொறுக்கி வைத்திருந்தேன். அந்த ஷெட் ஓடத் தொடங்கிய பிறகு அதற்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. வீட்டிலும் இதே பேச்சுதான். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம வூட்ல இப்ப மூணு பேரு கீறோம். நீ, நானு, தமிழரசி."

பிறகு ஒரு ஐப்பசியில் அந்த மழை வந்தது. ஏரிகள் நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடியது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வரும் பஸ்கள் எல்லாம் நடுவழியில் நின்றுவிட்டன. ஹாஸ்டல்களில் தங்கியிருந்த தெற்கத்திப் பெண்கள் எல்லோரும் அந்த பஸ்களில்தான். தமிழரசியும் அவர்களை ஏற்றி வருவதற்காக அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டாள். சுற்றுவட்டார ஊர்களில் இருந்து நடந்தும் மொபெட்டில் தொற்றியும் வந்த உள்ளூர்ப் பெண்கள் கொஞ்சம் பேர்தான் காலை ஷிஃப்டுக்கு இருந்தோம்.

என் லைனில் சரக்குக் கையிருப்பு இருந்தது. புது ஷெட்டில் இல்லை. சாயங்காலத்துக்குள் லாரி போகாவிட்டால் எதிர்ப்பக்கத்துக் கார் லைன் நின்றுவிடும், அப்படி நின்றால் அந்த வேலையே நம்மைவிட்டுப் போனாலும் போகும். மேனேஜர் நனைந்த சட்டையோடு என்னிடம் வந்தார். "மல்லிகா, நீங்க அந்த ஷெட்டைப் பாக்க முடியுமா?"

முடியுமா என்று நான் யோசிக்கவே இல்லை. உள்ளே போனதும் பாதிக்கு மேற்பட்ட போர்டுகளை மூடச் சொன்னேன். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்த போர்டுகளுக்கு மட்டும் ஆள் நிறுத்தினேன். வந்தவர்களிலேயே வேகமான பெண்ணைப் போர்டில் விடாமல் செக்கிங்கில் உட்கார வைத்தேன். அவள் முறைத்தாள். "இங்க ஒரு தப்ப வுட்டா அது லாரியோட போயிடும், ஒக்காரு" என்றேன். தமிழரசி பஸ்ஸில் இருந்து போன் செய்தாள்.

"அக்கா, மூணாவது போர்டுல அந்த ரெண்டு கனெக்டரும்..."

"தெரியும், வையி" என்றேன்.

மதியத்துக்குள் இன்னும் கொஞ்சம் பெண்கள் வேறு லைன்களில் இருந்தும் நனைந்துகொண்டும் வந்து சேர்ந்தார்கள். மூடிய போர்டுகளைத் திறக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜரே கொஞ்சம் சூடாகக் கேட்டார்: "ஆள் சும்மா நிக்கிறாங்க. டைம் போய்க்கிட்டிருக்கு. ஏன் தொறக்க மாட்டேங்கறீங்க?"

இந்தக் கட்டம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. ஆளும் இருக்கிறது, போர்டும் இருக்கிறது, நேரம் இல்லை, பெரியவர் எதிரில் நின்று கேட்கிறார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எங்கே இருந்து தைரியம் வரும்? எனக்கு வந்தது. ஏனென்றால் இதே இடத்தில் தமிழரசியைத் திறக்க வைத்து, கட்டுக்கட்டாகத் திரும்பி வந்ததை பஸ்ஸில் எத்தனையோ தடவை ஆனந்தமாகப் பார்த்திருக்கிறேன். "பழகாதவங்க கை வச்சா திரும்பத்தான் வரும் சார். அவங்க தூக்கிக் குடுக்கட்டும், வயர் பிரிச்சுக் குடுக்கட்டும். போர்டைத் தொட வேணாம்" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். இருட்டுவதற்குள் லாரி கிளம்பியது. எதிர்ப்பக்கம் லைன் நிற்கவில்லை.

மறுநாள் தமிழரசி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளாவது நீங்க இங்ஙன நின்னது கிடையாதே. எப்படிக்கா?"

எப்படி என்று அவளிடம் சொல்ல முடியுமா? "அனுபவம்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என் காட்டில் மழை. எதிரில் வருகிற பெண்கள் எல்லாம் "அக்கா, அடுத்த ஷெட் உங்களுக்குத்தான்" என்றார்கள். அடுத்த ஷெட்டும் உண்மையிலேயே வந்தது. முதல் ஷெட்டை விடப் பெரியது. அது எனக்கே என்று பியூன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை எடுத்துக்கொண்டார், எதற்கென்று கேட்டால் சும்மா என்றார்.

மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மழை நாளில் நான் செய்ததை மேனேஜர் விவரமாகச் சொல்லி முடித்தார். அவர் பேசியதை நான் கேட்டதிலேயே அதுதான் நீளமான பேச்சு. பிறகு என் பக்கம் திரும்பினார். மரியாதையாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. "புது ஷெட்டில் இன்சார்ஜா யார் நின்னா நல்லா இருக்கும்? மல்லிகா, நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

நான் ஷெட்டை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம். விளக்குகள் எரிந்தன, போர்டுகள் வரிசையாக நின்றன, பெண்கள் வேலை செய்தார்கள். நடுவில் இன்சார்ஜ் இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"தமிழரசி சார்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நாக்கில் சனி என்பார்களே, அன்று அது என் நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேனேஜர் நெகிழ்ந்துபோய், "இப்படி ஒரு மனசை நான் பார்த்ததே இல்லை" என்றார். வந்திருந்த இருவரும் கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டிருப்பவர்கள் நடுவில் புகுந்து, இல்லை சார், தப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்குத்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அது வாய்தவறியது இல்லை. அத்தனை வருடம் நானும் கனவு கண்டிருக்கிறேன். தமிழரசியைவிடத் துல்லியமாகக்கூடக் கண்டிருப்பேன். ஆனால் என் கனவு ஷெட்டில் ஒரு தடவையாவது நான் நின்றதில்லை. அவளை விழ வைப்பதற்காக என்றாலும், ஒவ்வொரு நாளும் அவளைத்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். நின்று நின்று அந்த இடம் அவளுடையதாகவே ஆகிவிட்டது. இரண்டு ஷெட்டுகளையும் அவளே பார்த்தாள். நான் லைன் லீடராகவே ஓய்வு பெற்றேன்.

செய்தி தெரிந்த அன்று கேன்டீன் வாசலில் தமிழரசி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்களுக்கும் கண் கலங்கிவிட்டது.

"எங் கூடப் பெறந்தவகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லக்கா. நீங்க எந்நேரமும் என்னையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கிய."

"ஆமாண்டி" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

நீங்களும் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள், நல்ல பழக்கம்தான். வேலையை ஓட்டிப் பாருங்கள், கஷ்டத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கே இடிக்கும் என்று பாருங்கள். எல்லாம் பார்த்துவிட்டு, நடுவில் நிற்பவள் யார் என்று அவள் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் அதை மட்டும் பார்க்கவில்லை.